வராத நாளையும் எழுதிய நோட்டு

யாராவது எனக்குக் காபி கொடுத்தால், இவர் ஏன் கொடுக்கிறார் என்றுதான் முதலில் தோன்றுகிறது. வேலையை விட்டு ஓய்வு பெற்ற பிறகும் இந்த வியாதி போகவில்லை. போன மாதம் என் மனைவி கேட்காமலேயே இரண்டாவது தம்ளர் காபி கொண்டுவந்து வைத்தாள். தம்ளரைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், "என்ன உடைஞ்சிது?" என்றேன். மிக்ஸி ஜார் உடைந்திருந்தது. இப்படி அவ்வப்போது பலித்துவிடுவதால் வியாதி குணமாக வழியே இல்லை.

நான் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவன். திருவள்ளூரில் என் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு நிலத்தை அளக்கச் சொல்லிப் பட்டாவோடு வந்தவர்கள் உண்டு. நான் அளப்பது நிலத்தை அல்ல, நஷ்டத்தை. நெருப்பு, வெள்ளம், திருட்டு என்று எதுவாவது நடந்து ஒருவர் இழப்பீடு கேட்டால், கம்பெனி எங்களை அனுப்பும். உண்மையிலேயே போனதா, போனது இவ்வளவுதானா, பாலிசிப்படி கொடுக்க வேண்டுமா என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். ஊரே ஒருவரைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்லும்போது, பின்னால் நின்று "பொறுங்க, பார்க்கலாம்" என்று சொல்கிற ஆள் நான். கல்யாண வீடுகளில் என் பக்கத்து இலை பெரும்பாலும் காலியாக இருந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது சர்வே பாதிக்குமேல் செல்போனிலேயே நடக்கிறது. பாலிசி எடுத்தவர் வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்ட, என் பழைய ஆபீஸ் இளைஞர்கள் சமோசா தின்றபடி பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர்தான் இதை எழுதச் சொன்னார்கள். திருவாலங்காட்டில் ஒரு கல்யாணப் பந்தியில், விடுமுறையில் வந்திருந்த ராணுவ வீரர் ஒருவரை மடக்கி, "வாடகை வீடுதானே? உள்ளே இருக்கிற சாமானுக்குப் பாலிசி இருக்கா?" என்று நான் கேட்டுக்கொண்டிருந்ததை அவர்கள் பார்த்துவிட்டார்கள். பாவம், அவருடைய பாயசம் ஆறிப்போனது.

"யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுற ஆளு நீங்க. மிலிட்டரிக்காரரைப் பார்த்தா மட்டும் ஏஜென்ட் மாதிரி ஆயிடுறீங்களே, இன்னா சார் சமாச்சாரம்?" என்றான் ஒருவன்.

கமிஷன் ஏதும் இல்லை. ஒரு ஹவில்தார்தான் காரணம். அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பட்டப்படிப்பை முடித்து, மூன்று வங்கித் தேர்வுகளில் தோற்று, பார்த்தசாரதி சாரின் ஆபீசில் டேப் பிடிக்கிற ஆளாகச் சேர்ந்தேன். பிறகு பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினேன். ஐம்பத்தைந்து வயதிலும் அவருக்கு நான் "தம்பி கோதண்டம்"தான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைதான் எங்கள் பள்ளிக்கூடம். அங்கே என் முதல் கேஸ், எரிந்துபோன ஒரு கெமிக்கல் குடோன். முதலாளி தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். இவ்வளவு அழுகிறாரே, நடிப்பாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டு உள்ளே போனேன். அரை மணி நேரத்தில் என் கண்ணும் மூக்கும் ஆறாக ஓடின. வெளியே வந்தபோது அந்த முதலாளிதான் என் முதுகைத் தடவி, "விடுங்க தம்பி, எல்லாம் சரியாயிடும்" என்று ஆறுதல் சொன்னார். அந்த அழுகை புகையால் வந்தது என்று என் மூளைக்கு எட்டுவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

பார்த்தசாரதி சார் வேறு ரகம். ஒல்லியான மனிதர், அரைக்கைச் சட்டை, பையில் சொந்தத் தண்ணீர் பாட்டில். நஷ்டப்பட்டவர் வீட்டில் உட்கார மாட்டார், காபி குடிக்க மாட்டார், உச்சுக்கொட்ட மாட்டார். எதையும் முதலில் முகர்ந்து பார்ப்பார். எரிந்த மூட்டையை, நனைந்த லெட்ஜரை, ஒருமுறை ஒரு வாட்ச்மேனையே முகர்ந்து பார்த்தார். திருட்டுக் கேஸ் என்றால் அவருக்கு ஒரு முறை உண்டு. காணாமல் போனதாகச் சொல்லும் ஒவ்வொரு பொருளுக்கும் "அது எங்க இருந்துது?" என்று கேட்பார். அந்த இடத்துக்குப் போய் டார்ச்சைக் கீழே வைத்து, தரையோடு தரையாக வெளிச்சம் அடிப்பார். பொருள் இருந்த இடத்தில் தூசி படிந்திருக்காது. சுவரில் அந்த அளவுக்கு நிறம் வெளுக்காமல் இருக்கும். பிறகு பிளக் பாயின்ட்டைப் பார்ப்பார். கடைசியாக, வீட்டில் எடுத்த பிறந்தநாள் போட்டோக்களைக் கேட்பார். கேக்கையும் குழந்தையையும் பார்க்க மாட்டார். பின்னால் டிவி தெரிகிறதா என்று பார்ப்பார். "கதையைக் கேக்காத தம்பி, பொருள் இருந்த இடத்தைப் பாரு" என்பார்.

அப்படித்தான், நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு, ஒரு ஜூன் மாதம் வேப்பம்பட்டுக்குப் போனோம்.

வாடகை வீடு. குடியிருந்தவர் ஹவில்தார் ஜெயசீலன். அவர் அப்போது வடக்கே எல்லைப் பக்கம் பணியில் இருந்தார். மனைவி கிரேஸும் பிளஸ் டூ போகிற மகளும் இங்கே. பள்ளி விடுமுறைக்குத் தாயும் மகளும் அவரிடம் போயிருந்த சமயத்தில் பூட்டை உடைத்திருக்கிறார்கள். டிவி, மகளுடைய லேப்டாப், வெள்ளிக் கொலுசு, பித்தளைப் பாத்திரங்கள் போய்விட்டன. எல்லாவற்றையும்விட முக்கியமாக, கிரேஸ் ஜாக்கெட் தைத்துச் சம்பாதித்துவந்த மோட்டார் வைத்த இரண்டு தையல் மெஷின்களும் போய்விட்டன. ராணுவப் பெட்டி மட்டும் இருந்தது. கறுப்பு டிரங்கின் மேல் வெள்ளைப் பெயின்டில் அவர் பெயரும் நம்பரும் இருந்ததால், அதை எங்கே கொண்டுபோய் விற்பது என்று திருடனுக்கே குழப்பம் வந்திருக்கும்.

எனக்குச் சந்தேகம் வாசலிலேயே தொடங்கிவிட்டது. பாலிசிக்கு வயது நாலே மாதம். நாலு மாதக் குழந்தை எழுந்து ஓடினால் யாருக்கும் சந்தேகம் வருமா வராதா? அடுத்தது, அந்தப் பட்டியல். சாமான் பறிகொடுத்தவர்கள் பட்டியல் எழுதி நான் பார்த்திருக்கிறேன். முதல் நாள் எட்டு இருக்கும். மறுநாள் "ஐயோ, கிரைண்டரை மறந்துட்டோம்" என்று ஒன்பதாகும். கிரேஸ் கொடுத்ததோ கட்டம் போட்ட நாலு பக்கம். பொருள், எண்ணிக்கை, இருந்த இடம், நிலைமை. கடைசிப் பக்கத்தில், "ஸ்பூன் – 14. அதில் ஒன்று வளைந்தது."

வளைந்த ஸ்பூன்! இத்தனை வருஷ சர்வீசில் ஒருவரும் வளைந்த ஸ்பூனைப் பட்டியலில் சேர்த்ததில்லை. இது திருட்டுக்கு முன்பே உட்கார்ந்து தயார் செய்த கேஸ் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"இவ்ளோ கரெக்டா எப்பிடிம்மா எழுதுனீங்க?" என்று கேட்டேன்.

"நானா எழுதுனேன்? அவரு எழுதுனது சார். லீவு முடிஞ்சி கெளம்பறதுக்கு முன்னாடி ஊட்டையே பரேடுல நிக்க வெப்பாரு. கட்டில்மேல எல்லாத்தையும் பரப்பி எண்ணுவாரு. ஸ்பூனு வளைஞ்சதுக்கு என்னைய விசாரணையே பண்ணாரு."

"பாலிசி இப்பதான எடுத்திருக்கீங்க?"

"அவருகூட வேலை பாக்குறவரு ஊட்ல போன மழைக்குத் தண்ணி பூந்துட்ச்சி சார். ஓனருக்கு இன்சூரன்ஸ் இருந்துது, செவுத்துக்குப் பெயின்ட் அடிச்சிகினாரு. குடி இருந்தவங்க பீரோ, மெத்தை எல்லாம் குப்பைக்குப் போச்சி. அதக் கேட்டுட்டு வந்து எடுத்தாரு." பேசிக்கொண்டே காபித் தட்டை நீட்டினாள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பின்வாங்கினோம். "இன்னா சார், வெஷமா கலந்துட்டேன்? பால் காபிதான்."

பார்த்தசாரதி சார் டார்ச்சோடு தரையில் தவழ்ந்துகொண்டிருந்தார். டிவி இருந்த இடத்தில் சுவர் வெளுக்காமல் இருந்தது. மெஷின்கள் நின்ற இடத்தில் அவற்றின் கால்கள் பதிந்த எட்டுத் தடங்கள், சுற்றிலும் நூல் துணுக்குகள், மோட்டாரிலிருந்து சொட்டிய எண்ணெயின் பழைய கறை. கறையைத் தொட்டு முகர்ந்தார். மகளின் பிறந்தநாள் போட்டோவில் கேக்குக்குப் பின்னால் டிவி இருந்தது. தாழ்ப்பாள் வெளியிலிருந்து நெம்பப்பட்டிருந்தது. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். அவர் திருப்தியாக இருக்கும்போது அப்படித்தான் தட்டுவார்.

"நீங்க என்னைக்கு ஊருக்குக் கெளம்புனீங்க?" என்று கேட்டார்.

அவள் தேதி சொன்னாள். திருட்டு தெரிந்த நாள் வரை எண்ணினால் முப்பத்தேழு நாள். சாரின் பேனா நின்றது.

அந்தப் பாலிசியில் ஒரு நிபந்தனை உண்டு. வீடு தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்து, அதைக் கம்பெனிக்கு முன்கூட்டியே சொல்லாமலும் இருந்தால், திருட்டுக்கு இழப்பீடு கிடையாது. சாதாரணக் குடும்பம் எதுவும் ஒரு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதில்லை. ராணுவக் குடும்பம் போகும். வருஷத்தில் ஒரு தடவை சேர்ந்திருக்க வாய்ப்பு கிடைத்தால் யார்தான் போக மாட்டார்கள்? அவர்கள் கம்பெனிக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை.

சார் இதை விளக்கியதும் கிரேஸின் முகம் மாறியது. "ஊடு சும்மா இல்ல சார். என் தம்பி சாமு வந்து படுத்துகினுதான் இருந்தான். டூட்டி நோட்டே கீது. தெனம் எழுதணும்னு போன லீவுல அவரு போட்டுக் குடுத்துட்டுப் போனது."

"அதை அனுப்புங்க" என்றார் சார்.

மறுநாள் சாமு என்கிற சாமுவேல் ஆபீசுக்கே நோட்டைக் கொண்டுவந்தான். இருபத்தாறு வயது, கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டுகிற ஆலையில் வேலை, நகமெல்லாம் கறுப்பு. மேசையில் வைத்துவிட்டு, "வரேன் சார்" என்று படியில் இறங்கிய வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

நோட்டைத் திறந்தேன். முப்பத்தேழு வரி. "பிரசன்ட். ஆல் ஓகே. – சாமுவேல்." அடுத்த வரியும் அதே. அதற்கடுத்ததும் அதே. திருடன் வந்த நாளுக்கும் அதே "ஆல் ஓகே"தான். ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு. அந்த நகத்தோடு முப்பத்தேழு நாள் தொட்ட நோட்டில் ஒரு கறை இல்லை. அட்டையில் கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டு பளபளவென்று இருந்தது. இன்னொன்றும் இருந்தது. கும்மிடிப்பூண்டி ஒரு ரயில் பாதை, வேப்பம்பட்டு வேறு ரயில் பாதை. சென்ட்ரல் வரை போய் வண்டி மாறி வர வேண்டும். இரும்பாலை ஷிப்ட் முடித்துவிட்டு, அக்கா வீட்டில் தூங்குவதற்காகத் தினமும் அப்படி வருகிறவனுக்குக் கோயில்தான் கட்ட வேண்டும்.

அந்தக் கோயிலுக்கு அஸ்திவாரம் இருக்கிறதா என்று பார்க்க, அடுத்த நாள் காலையில் கும்மிடிப்பூண்டிக்கு வண்டி ஏறினேன். ஆலையின் டைம் ஆபீசில் வருகைப் பதிவைக் கேட்டு வாங்கி, நோட்டோடு வைத்துப் பார்த்தேன். வேப்பம்பட்டில் படுத்திருந்ததாகச் சாமு எழுதிய நாட்களில் பதினொன்றில் அவன் இரவு ஷிப்டில் ஆலைக்குள் இருந்திருக்கிறான். பிடித்துவிட்டேன்! பொய்யான ஆவணம் கொடுத்தால் கிளைம் முழுவதும் ரத்து. அதுவும் பாலிசியிலேயே உள்ள நிபந்தனைதான். திரும்பி வரும் வண்டியில் எனக்கு உட்கார இடம் கிடைத்ததைக்கூட அந்த வெற்றியோடு சேர்த்துக்கொண்டேன். நிராகரிப்பு அறிக்கையை மனசுக்குள் எழுதி, இரண்டு இடத்தில் மெருகும் ஏற்றினேன்.

பார்த்தசாரதி சார் எல்லாவற்றையும் கேட்டார். பாராட்டுவார் என்று நின்றேன்.

"நோட்டு பொய். சரி. தூசி பொய்யா?"

"இல்ல சார்."

"எண்ணெய்க் கறை?"

"அதுவும் இல்ல சார்."

"அப்ப திருட்டு நடந்திருக்கு. நோட்டும் பொய்யா இருக்கு. ரெண்டும் ஒரே ஊட்ல எப்படி இருக்குன்னு நீ யோசிக்கல. புடிச்சிட்டோம்ங்கற சந்தோஷத்துல ஓடி வந்திருக்க. இன்னும் ஜெயசீலன்கிட்ட வாக்குமூலமே வாங்கலியே. அவருக்கு இந்த நோட்டு தெரியுமா தெரியாதா? கூப்பிடு."

ஜெயசீலன் ஐந்து நாள் அவசர விடுப்பில் வந்தார். பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். சரியாகப் பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினார். திருவள்ளூரில் சொன்ன நேரத்துக்கு ஒருவர் வந்தால் நான் சந்தேகப்படாமல் என்ன செய்வேன்? குட்டையான உருவம், ஒட்ட வெட்டிய தலைமுடி. நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார். கேள்விகளை வரிசையாக எழுதி வைத்திருந்தேன். முதல் கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள், அவர் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சார், உங்க கையில இருக்கிறது டூப்ளிகேட். இதுதான் ஒரிஜினல். எனக்கு நேத்துதான் தெரியும்."

நான் சாரைப் பார்த்தேன். சார் நோட்டைப் பார்த்தார்.

"சாமு! உள்ள வா!" என்றார் ஜெயசீலன் வாசலைப் பார்த்து. படிக்கட்டில் நின்றிருந்தவன் உள்ளே வந்தான். "சொல்லு."

"சார்... மாமா வெச்சிட்டுப் போன நோட்டுல நெறைய நாள் 'வரல'ன்னு எழுதியிருந்தேன். திருடன் வந்த அன்னிக்கும் வரல. அதக் குடுத்தா கிளைம் போயிடும்னு... புதுசா வாங்கி எழுதிட்டேன் சார். அக்காவுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியாது."

"எத்தினி நேரத்துல எழுதுன?" என்றேன்.

"ஒரு டீ குடிக்கிற நேரம் சார்."

"அதான் கறையே இல்ல."

"டீயைத் தூர வெச்சிகினேன் சார்."

ஜெயசீலன் சிரிக்கவில்லை. "எங்க வேலையில காவலுக்கு நிக்காம நின்னேன்னு எழுதுனா, அது நிக்காம இருந்ததைவிடப் பெரிய குத்தம் சார். இவன் பயந்துகினு பண்ணிட்டான். இந்த நோட்டக் குடுத்தா எனக்கு ஒண்ணும் கிடைக்காதுன்னு தெரியும். கிரேஸ் நேத்துலருந்து என்கிட்ட பேசல. மெஷின் ரெண்டும் அவ ஜாக்கெட் தெச்சித் தெச்சி வாங்குனது. பரவால்ல. என் பேருல போற பேப்பர்ல பொய் இருக்கக் கூடாது. நீங்க எழுதறத எழுதிக்கோங்க."

நான் எழுதி வைத்திருந்த கேள்விகளை ஃபைலுக்கு அடியில் தள்ளினேன். அதில் மூன்றாவது கேள்வி, "உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

பார்த்தசாரதி சார் செய்தித்தாளைப் பிரித்து நோட்டை எடுத்து, முதலில் முகர்ந்தார். மில் எண்ணெய், பீடி, கொசுவத்தி. திறந்தார். மூன்று வகைப் பேனா, ஒரு இடத்தில் பென்சில். வட்டமாக டீ கிளாஸ் தடம்.

"வந்தேன். ஆல் ஓகே. கரண்ட் இல்லை. கொசு அதிகம்."

"வரல. நைட் ஷிப்ட்."

"வரல. ரூம்ல பிரியாணி. மன்னிக்கவும் மாமா."

"வந்தேன். பின்பக்கக் குழாய் சொட்டுது. ஓனர்கிட்ட சொன்னேன். பாக்கலாம்னார்."

"வந்தேன். குழாய் இன்னும் சொட்டுது. மறுபடியும் சொன்னேன்."

கடைசி இரண்டு வரி: "வரல. பிரெண்டு கல்யாணம்." அதற்குக் கீழே, "வந்தேன். ஆல் நாட் ஓகே."

சார் விரலை வைத்து எண்ண ஆரம்பித்தார். ஜெயசீலன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சார் எண்ணி முடித்து, இன்னொரு முறை எண்ணினார்.

"தொடர்ந்து வராம இருந்தது அதிகபட்சம் எட்டு நாள்" என்றார்.

"ஆமா சார்" என்றார் ஜெயசீலன், தண்டனையை ஏற்றுக்கொள்கிற குரலில்.

"பாலிசி கேக்கறது முப்பது நாள். தினமும் காவல் நிக்கணும்னு உங்க ரெஜிமென்ட் சொல்லலாம், நாங்க சொல்லல. ஊடு ஆளில்லாம கெடக்கல, ஆளு புழங்கிகினு இருந்துது, அவ்ளோதான் வேணும். இந்த நோட்டு உங்களைக் கெடுக்கல. அந்த நோட்டுதான் கெடுக்க இருந்துது."

சாமு தலையை நிமிர்த்தினான். "அப்ப... பிரியாணிகூடப் பரவால்லியா சார்?"

"பிரியாணி ரொம்ப நல்ல சாட்சி" என்றார் சார்.

இத்தோடு நான் நம்பிவிட்டேன் என்று நினைத்தால் என்னை உங்களுக்குத் தெரியவில்லை. ஒரு நோட்டைப் பொய்யாக எழுதத் தெரிந்தவனுக்கு, டீக் கறையோடு இன்னொன்றை எழுதத் தெரியாதா? ஆலைப் பதிவோடு இந்த நோட்டையும் ஒப்பிட்டேன். பதினொரு இரவு ஷிப்டும் "வரல"வில் விழுந்தன. அதுவும் போதவில்லை. வீட்டு ஓனர் முனிரத்தினத்தைப் பார்க்கப் போனேன். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே நாலு வீடு கட்டி வாடகைக்கு விட்டவர். திருட்டுப் பற்றிக் கேட்டதும் அவர் தன் கதவைப் பற்றிப் பேசினார்.

"எனுக்கு இன்சூரன்ஸ் கீது நைனா. கதவுக்கு எழுதிக் குடுத்துட்டேன். அதுல அவங்க டிவிக்கும் சேத்து வராதா?"

"வராதுங்க. உங்க பாலிசி உங்க கட்டடத்துக்கு. அவங்க சாமான் அவங்க பாடு. அது கெடக்கட்டும், பின்பக்கக் குழாய் எதனா ரிப்பேரா?"

அவர் முகம் சுருங்கியது. "அந்தப் பையன் சொன்னானா? குழாய், குழாய்னு உயிர எடுத்துட்டான் நைனா, ஒரே பேஜாரு! அவன் தொல்ல தாங்காம பிளம்பருக்கு வாட்சப் போட்டேன், இந்தா பாரு."

போனை நீட்டினார். அவர் பிளம்பருக்குச் செய்தி அனுப்பிய தேதி, நோட்டில் "மறுபடியும் சொன்னேன்" என்று இருந்த அதே தேதி. திருட்டுக்கு இரண்டு வாரம் முந்தியது. இனிமேல் சந்தேகப்பட வேண்டுமானால் பிளம்பரையும் சேர்த்துத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரு நிமிஷம் அதையும் யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அறிக்கை எழுதும்போது, "சார், அந்தப் புது நோட்டைத் திருப்பிக் குடுத்துடலாமா? வாக்குமூலம் வாங்கறதுக்கு முன்னாடி வந்ததுதானே?" என்று கேட்டேன். பார்த்தசாரதி சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த மனுஷன் தனக்குப் பாதகமா இருக்கும்னு நெனைச்சே உண்மையக் கொண்டுவந்து வெச்சாரு. நாம மறைக்கறதா? ரெண்டையும் வை. எது எப்ப வந்துது, யாரு குடுத்தாங்க, எல்லாம் எழுது." எழுதினோம். கம்பெனி இரண்டு முறை விளக்கம் கேட்டது. இரண்டு முறையும் நானே போய், நிராகரிக்கத் தயாராக இருந்த அதே வாயால் வாதாடினேன். கிளைம் பாஸானது.

கிரேஸ் புது மெஷின் வாங்கியதும் என் மனைவி அவளிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாள். கிரேஸ் தையல் கூலியை முழுதாக வாங்கிக்கொண்டாள். "வேணாம்னு சொன்னா சார் இன்னா ஏதுன்னு விசாரணைக்கு வந்துடுவாரு" என்றாளாம்.

விடுப்பு முடிந்து கிளம்புவதற்கு முன் ஜெயசீலன் ஆபீசுக்கு வந்து, நின்றபடியே ஒரு கேள்வி கேட்டார்: "சார், நீங்களும் வாடகை ஊடுதானே? உங்க சாமானுக்குப் பாலிசி கீதா?"

பார்த்தசாரதி சாருக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. நான் மேசைமேல் இருந்த ஃபைல்களை அடுக்கினேன். பாலிசி இல்லை. ஊரான் வீட்டுத் தூசியை எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தவனிடம் சொந்த பீரோவுக்கு ஒரு காகிதம் இல்லை. அன்றைக்கே எடுத்தேன். பட்டியல் எழுத உட்கார்ந்தபோது, எங்கள் வீட்டில் எத்தனை ஸ்பூன் என்று எனக்குத் தெரியவில்லை என்பது தெரிந்தது.

அதிலிருந்துதான் ராணுவத்தில் இருப்பவர்களைக் கண்டால் மடக்குகிறேன். ரெஜிமென்ட் உங்களைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் மனைவியின் தையல் மெஷினைப் பார்த்துக்கொள்ளாது. ஓனரின் பாலிசி சுவரோடு நின்றுவிடும். மற்றவர்களுக்கு ஒரு சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கலாம். உங்களுக்கு இரண்டு ரயில் ஏறி வர வேண்டும். வாடகை வீட்டுச் சாமானுக்கு எடுக்கிற பாலிசி பெரிய செலவில்லை. எடுத்ததும் அலமாரியில் வைத்துவிடாமல் ஒருமுறை படியுங்கள். மாற்றல் ஆகி வீடு மாறினால் புது விலாசத்தை எழுதிக் கொடுங்கள். குடும்பத்தை ஒரு மாதம் அழைத்துக்கொள்வதாக இருந்தால் முன்கூட்டியே கம்பெனிக்குச் சொல்லுங்கள். சாமானை எல்லாம் போனில் படம் எடுத்து வையுங்கள். வளைந்த ஸ்பூனையும் எழுதுங்கள், பரவாயில்லை. என்னைப் போல் ஒருவன் வந்து முறைப்பான், முறைக்கட்டும். ஆனால் ஒரு வரி பொய் எழுதாதீர்கள், காப்பாற்றுவதற்காகக்கூட.

போன வாரம் மகளைப் பார்க்க நானும் மனைவியும் கோயம்புத்தூர் வந்தோம். நாற்பது நாள் தங்குவதாக ஏற்பாடு. கம்பெனிக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். கடிதத்தை மட்டும் நம்புகிற ஆளா நான்? சாமு இப்போது திருவள்ளூர் பக்கமே வேறு கம்பெனிக்கு மாறிவிட்டான். அவனிடம் சாவியையும் ஒரு புது நோட்டையும் கொடுத்து, வந்து படுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். பக்கத்தை அவ்வப்போது படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம்.

முதல் நாலு நாளும் "வந்தேன். ஆல் ஓகே" என்றே இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கறைகூட இல்லையே என்று படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மனைவி போனைப் பிடுங்கி வைத்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் படம் வந்தது. மூலையில் வட்டமாக டீ கிளாஸ் தடம். அதன் பக்கத்தில், "வரல சார். நைட் செம மழை, பஸ் இல்லை. மன்னிக்கவும். காலைல வந்து ஸ்பூன் எண்ணிட்டேன், சரியா இருக்குது."

போனைக் கீழே வைத்தேன். அந்த நேரம் பார்த்து மகள், கேட்காமலேயே, இன்னொரு தம்ளர் காபி கொண்டுவந்து வைத்தாள். எதற்கு என்று கேட்காமல் குடித்தேன்.